கடற்பாம்பின் குஞ்சு

விலாங்கு, பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்பார்கள். எங்கள் தொழிலில் இந்தப் பழமொழியை அரசியல்வாதிகளைப் பற்றி எழுதும்போது மட்டுமே எடுப்போம். கட்சி மாறியவர்களுக்கும், கொழும்பில் ஒன்றும் ஊரில் வேறொன்றுமாகப் பேசியவர்களுக்கும் இதனை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்த மீனைப் பற்றி மட்டும் ஒரு வரியேனும் எழுதியதில்லை. இன்று எழுதப் போவது மீனைப் பற்றித்தான். அரசியலை எதிர்பார்த்து வந்த அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

அதுவும் நம்மூர்க் குளத்து விலாங்கு அன்று. ஆழ்கடலில் அகப்பட்ட ஒரு குஞ்சின் கதை இது. அதன் தாய் யாரென்று நாற்பது வருடங்கள் தெரியாதிருந்தது. தாயைத் தேடிப் புறப்பட்டவர்களுள் ஒரு விஞ்ஞானியும் இருந்தார், ஒரு பத்திரிகையாளரும் இருந்தார். அந்தப் பத்திரிகையாளர் இருந்ததனாலேயே இந்தக் கதை என்னை நெடுநாளாக விடாது பற்றிக்கொண்டிருக்கின்றது.

1928 ஆம் ஆண்டு டென்மார்க்கிலிருந்து 'டானா' என்ற ஆய்வுக் கப்பல் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டது. செலவைப் பொறுப்பேற்றது கார்ல்ஸ்பேர்க் நிதியம். ஆம், அதே பியர் கார்ல்ஸ்பேர்க்தான். பியர் விற்ற காசில் விலாங்கு ஆராய்ச்சி செய்த நாடு அது. நம் நாட்டில் சாராயம் விற்ற காசு எங்கே போகின்றது என்பதை நான் சொல்லி வாசகர்கள் அறிய வேண்டியதில்லை.

கப்பலின் தலைமை விஞ்ஞானி ஜொஹானஸ் ஷ்மித். விலாங்குக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட மனிதர். ஐரோப்பிய ஆறுகளிலும் குளங்களிலும் விலாங்கு நிறைய உண்டு. ஆனால் அதன் முட்டையையோ குஞ்சையோ அங்கு எவரும் கண்டதில்லை. அரிஸ்டோட்டில் அது சேற்றிலிருந்து தானாகவே பிறக்கின்றது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலாக அதைவிட நல்ல விளக்கம் யாரிடமும் இருக்கவில்லை. கடலில் பிடிபடும் இலை போன்ற சின்னஞ்சிறிய கண்ணாடி மீனொன்றுக்கு லெப்டோசெபாலஸ் என்று தனிப் பெயர் சூட்டித் தனி இனமாக வைத்திருந்தனர். 1896 இல் இத்தாலியரான கிராசியும் கலன்ட்ரூச்சியோவும் அது வேறு மீனே அல்ல, விலாங்கின் குஞ்சுதான் என்று காட்டினர். கண்ணாடி இலை உருமாறி, உருண்டு, விலாங்காகின்றது.

1904 இல் பரோத் தீவுகளுக்கு அருகில் 77 மில்லிமீற்றர் நீளமான குஞ்சொன்று ஷ்மித்தின் வலையில் சிக்கியது. அன்றிலிருந்து அவர் செய்தது ஒரே வேலைதான். மேலும் சிறிய குஞ்சு எங்கே கிடைக்கின்றது என்று பார்த்துப் பார்த்து அத்திலாந்திக் சமுத்திரத்தில் மேற்கு நோக்கிப் போனார். குஞ்சு சிறுக்கச் சிறுக்கப் பிறந்த இடம் கிட்டுகின்றது என்பது கணக்கு. 1922 இல், சர்காசோ கடலே ஐரோப்பிய விலாங்கின் பிறப்பிடம் என அறிவித்தார். ஒரு விடயத்தைப் பின்தொடர்வதில் இந்த மனிதருக்கு இருந்த பொறுமையில் கால்வாசி எங்கள் செய்தியாளர்களுக்கு இருந்திருந்தால், நம் நாட்டின் பல விசாரணை ஆணைக்குழுக்களுக்கே தேவை இருந்திராது.

'டானா' 1929 இன் கடைசி மாதங்களில் இந்து சமுத்திரத்துக்குள் வந்து, ஆபிரிக்காவை நோக்கிப் போனது. 1930 ஜனவரி 31 ஆம் திகதி தென்னாபிரிக்கக் கரைக்கு அப்பால், ஏறக்குறைய 300 மீற்றர் ஆழத்திலிருந்து இழுத்தெடுத்த வலையில் ஒரு லெப்டோசெபாலஸ் கிடந்தது. அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கு அது புதிய பிராணி அல்ல. விரல் நீளத்தில் ஆயிரக்கணக்காக அளந்து பழகியவர்கள் அவர்கள். இது 184 சென்ரிமீற்றர்! ஆறடிக்குச் சற்று மேல். கப்பலில் நின்ற பலரைவிட அந்தக் குழந்தை உயரமாக இருந்திருக்கும்.

இந்தக் குஞ்சுகளின் உடலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உடலில் பெரும்பகுதி நீரும் பாகு போன்ற பொருளுமே. இரத்தத்தில் சிவப்பில்லை. பக்கவாட்டில் பார்த்தால் நாடா, முன்னாலிருந்து பார்த்தால் வெறும் கோடு. சிறு குஞ்சொன்றைப் பத்திரிகைத் தாளின்மீது வைத்தால் அதனூடாகக் கீழேயுள்ள எழுத்தை வாசித்துவிடலாம். கண்கள் மட்டும் இரண்டு கரும்புள்ளிகளாகத் தெரியும். கடலின் மேலடுக்குகளிலிருந்து உதிரும் கழிவுத் துணுக்குகளே அவற்றின் ஆகாரம். இத்தனை நொய்மையான ஒன்று ஆறடி நீளத்தில், 450 அளவிலான தசைக் கண்டங்களோடு மேல்தளத்தில் கிடந்ததைக் கற்பனை செய்து பாருங்கள்.

அடுத்து வந்தது கணக்கு. ஏழு எட்டு சென்ரிமீற்றர் குஞ்சு வளர்ந்து முக்கால் மீற்றரோ ஒரு மீற்றரோ நீளமான விலாங்காகின்றது. பத்து மடங்கு என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 184 சென்ரிமீற்றர் குஞ்சு வளர்ந்தால் 18 மீற்றர். சற்றுத் தாராளமாகப் பெருக்கினால் 30 மீற்றரைத் தாண்டும். விலாங்கின் உருவத்தில் 30 மீற்றர் நீளமான ஒன்றுக்கு மாலுமிகள் நூற்றாண்டுகளாக ஒரு பெயர் வைத்திருந்தனர். கடற்பாம்பு.

அந்தப் பயணத்தில் அன்டன் புரூன் என்ற இளம் விஞ்ஞானி பங்குபற்றியிருந்தார். 1901 இல் பிறந்தவர், அப்போது முப்பது வயதும் ஆகவில்லை. கடற்பாம்பு இருக்க முடியாது என்று கைகழுவிவிட வேண்டியதில்லை என்ற கருத்தை அவர் பின்னாளில் பகிரங்கமாகவே சொல்லி வந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தன் கண்ணால் கண்ட சாட்சியத்திலிருந்து, தான் அறிந்த விதியைக் கொண்டு, 'இது ஏனைய விலாங்குகளைப் போல் வளருமானால்' என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தை அமைத்தார். விஞ்ஞானியின் வாக்கியம் அப்படித்தான் இருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், 'வளருமானால்' என்பதில் உள்ள அந்த 'ஆனால்' பத்திரிகைத் தலைப்புக்குள் அடங்குவதில்லை. தலைப்புக்கு நான்கு சொற்கள்தான் இடம். செய்திக்குள் இருக்கும் 'ஆனால்'களை வெட்டுவதே ஓர் உதவி ஆசிரியருக்கு முதலில் கற்பிக்கப்படும் வேலை. எனக்கும் அப்படித்தான் கற்பித்தார்கள். நானும் பின்வந்தவர்களுக்கு அப்படித்தான் கற்பித்தேன்.

இனி அந்தப் பத்திரிகையாளர். பெயர் ஹாக்கொன் மீல்கே. டென்மார்க்கில் பயண நூல்களால் புகழ் பெற்றவர். 1941 ஜூன் மாதம் அவரும் புரூனும் சேர்ந்து, உலகின் ஆழ்கடல்களை ஆராய ஒரு பெரும் பயணம் போக வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தனர். திகதியைக் கவனியுங்கள். டென்மார்க் அப்போது ஹிட்லரின் படைகளின் கையில் இருந்தது. சொந்த ஊர்த் தெருவிலேயே அனுமதி கேட்டு நடக்கும் காலத்தில் இரண்டு பேர் பத்தாயிரம் மீற்றர் ஆழத்தைப் பற்றித் திட்டம் போட்டிருக்கின்றனர். சோதனைச் சாவடிகளுக்கு நடுவே பல்கலைக்கழகப் படிப்பை முடித்தவன் என்ற முறையில், அந்த மனநிலை எனக்கு விளங்குகின்றது. எண்பதுகளின் கடைசியில் எங்கள் விடுதி அறையில் இருந்த உலகப் படம் எவ்வளவு தேய்ந்து போயிருந்தது என்பதை உடன் இருந்தவர்கள் அறிவார்கள்.

போர் முடிந்தபின் அவர்கள் விடவில்லை. பிரித்தானியக் கடற்படையின் பழைய போர்க்கப்பல் ஒன்று வாங்கப்பட்டு, 'கலாதியா' என்ற பெயரோடு 1950 ஒக்டோபரில் கொபன்ஹேகனை விட்டுப் புறப்பட்டது. தலைவர் புரூன். பத்திரிகைப் பொறுப்பு மீல்கே. ஆழக்கடலின் அடித்தளத்தில் உயிர் உண்டா என்று பார்ப்பதே பயணத்தின் விஞ்ஞான நோக்கம். ஆனால் அந்தக் கப்பலை நகர்த்திய எரிபொருளில் கடற்பாம்பின் மீதான ஆசையும் ஒரு பங்கு. சாதாரண மக்களிடம் போய், 'ஆறாயிரம் மீற்றருக்குக் கீழே புழு உண்டா என்று பார்க்கப் போகிறோம்' என்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

1951 ஏப்ரலில் அந்தக் கப்பல் இலங்கைக்குத் தெற்கே ஆழ்கடலில் வலை இறக்கியது. பின்னர் வங்காள விரிகுடாவுக்குள் போனது. எங்கள் தகப்பன்மார் வாலிபர்களாக இருந்த காலம். தெற்கே காலித் துறைமுகத்து மீனவர்கள் சூரைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அவர்களுக்கும் அப்பால் ஒரு கப்பல் பல கிலோமீற்றர் நீளமான கம்பியில் வலையைக் கட்டிக் கடலின் அடியைத் துழாவிக்கொண்டிருந்திருக்கின்றது.

அதே வருடம் ஜூலையில் பிலிப்பைன் ஆழியில் 10,190 மீற்றர் ஆழத்திலிருந்து வலை மேலே வந்தது. அதில் கடற்சாமந்திகள், கடலட்டைகள், சிப்பிகள், புழுக்கள். எவரெஸ்ட் சிகரத்தை உள்ளே வைத்தாலும் மூடிவிடும் ஆழத்தில் உயிர் இருந்தது. 1952 மே மாதத்தில், மத்திய அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், 3,570 மீற்றரிலிருந்து ஒரு சிறு ஓட்டுப் பிராணி கிடைத்தது. பல கோடி வருடங்களுக்கு முன்பே அற்றுப்போனதாகக் கருதப்பட்ட வகுப்பைச் சேர்ந்தது அது. 1957 இல் அதற்கு நியோபிலினா என்று பெயரிட்டார்கள். விலங்கியல் பாடநூல்களில் புதிய பக்கம் சேர்ந்தது. 1952 ஜூனில் கப்பல் ஊர் திரும்பியது. கடற்பாம்பு மட்டும் கிடைக்கவில்லை.

ஆழ்கடல் பிராணி என்றால் மனிதர்களுக்கு ஒரு தனிப் பயம். பார்க்க முடியாத இடத்திலிருந்து வருவதால் அதைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்பத் தயாராகி விடுகின்றோம். அந்தப் பயத்துக்கு யார் விலை கொடுக்கின்றார்கள் என்பதை நான் ஒரு தடவை கிட்ட நின்று பார்த்திருக்கின்றேன்.

2005 ஜனவரி. சுனாமி வந்து மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. நாட்டில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். ஆசிரியபீடத்தில் யாரும் ஒழுங்காக நித்திரை கொள்ளாத நாட்கள். ஒரு பிற்பகல், இளைய உதவி ஆசிரியர் ஒருவர் நிறம் நிறமாக அச்சிட்ட படங்களோடு என் மேசைக்கு ஓடி வந்தார். மின்னஞ்சலில் வந்தவை. ஊசிப் பல்லும், பிதுங்கிய கண்ணும், கூழ் போன்ற உடலுமாக ஆழ்கடல் மீன்கள். 'சுனாமி கரையில் ஒதுக்கிய விசித்திரப் பிராணிகள்' என்று மேலே எழுதியிருந்தது.

"அண்ணை, கடைசிப் பக்கம் முழுக்க இதுதான். நாளைக்கு மற்றப் பேப்பர்க்காரன் போட்டால் நாங்கள் கோட்டை விட்டிடுவம்."

"தம்பி, எந்தக் கரையில் எடுத்த படம்?"

"அது போடேல்லை."

"ஆர் எடுத்தது?"

"அதுவும் இல்லை."

படங்களை மேசையில் பரப்பிப் பார்த்தேன். ஒன்றிலும் மணல் இல்லை. ஒன்றிலும் சேறு இல்லை. மீன்கள் சுத்தமாகக் கழுவி, செட்டை விரித்து, அளவான வெளிச்சத்தில் ஸ்ரூடியோவில் நிற்கும் மணமக்கள் மாதிரி இருந்தன. சடலங்களை மூடவே துணி கிடையாத கரையில், மீனுக்கு விரிப்பு விரித்து வெளிச்சம் பிடித்தவர் யார்? படம் பார்த்துப் பழகிய எவருக்கும் எழ வேண்டிய கேள்வி இது. பெரிய துப்பறியும் வேலை ஒன்றுமில்லை.

ஆனால் நான் மறுத்ததற்கு அது மட்டும் காரணம் அல்ல. அதற்குச் சில நாட்கள் முன்னர்தான் வடமராட்சிக்குப் போய் வந்திருந்தேன். சமாதான காலமாகையால் பாதை திறந்திருந்தது. பருத்தித்துறைச் சந்தையில் மீன் விற்கும் வயோதிபப் பெண்மணி ஒருவர் ஒரு சிறு பனையோலைக் கடகத்துக்கு முன் தனியே குந்தியிருந்தார். கடகத்தில் கொஞ்சம் மீன். வாங்க ஆளில்லை. சடலங்களைத் தின்ற மீன் என்று ஊரெல்லாம் கதை. மீனால் நோய் வராது என்று மருத்துவர்கள் சொல்லியும் சனம் கேட்கவில்லை. வள்ளமும் வலையும் போய், ஆட்களும் போய், எஞ்சியவர்கள் இரவல் வள்ளத்தில் போய்ப் பிடித்து வந்த மீன் அது.

"என்னணை, வியாபாரம் எப்பிடி?" என்று கேட்டேன்.

"கடல் கொண்டு போனது போதாதெண்டு இப்ப சனத்தின்ர வாய் கொண்டு போகுது, தம்பி" என்றார்.

அந்தக் கடகத்துக்கு மேலே இந்தப் படங்களையும் நாங்கள் கொண்டு போய்க் கொட்டுவதா? ஆசிரியரிடம் அந்தப் பெண்மணியைப் பற்றிச் சொன்னேன். அவர் படங்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு, 'வேண்டாம்' என்று ஒரு சொல்லில் முடித்தார். விநியோகப் பகுதியினர் எங்களோடு சில நாட்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மின்னஞ்சல் நம் நாட்டில் மட்டும் சுற்றவில்லை. உலகம் முழுவதும் சுற்றியது. சென்னை மெரீனாவில் ஒதுங்கியவை என்று கூட ஊர் மாற்றிச் சொன்னார்கள். உண்மையில் அவை 2003 மே, ஜூன் மாதங்களில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்து விஞ்ஞானிகள் டாஸ்மன் கடலில் நடத்திய ஆய்வுப் பயணத்தில் எடுக்கப்பட்ட படங்கள். சுனாமிக்கு ஒன்றரை வருடங்கள் முற்பட்டவை.

நிற்க. குஞ்சின் கதைக்கு வருவோம்.

புரூன் 1961 இல் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய ஆய்வுக் கப்பலொன்று 1963, 64 இல் இதே இந்து சமுத்திரத்தில் ஓடித் திரிந்தது. முன்னர் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமனின் உல்லாசப் படகாக இருந்தது அது. இதற்கிடையில் 1959 இல் நியூசிலாந்துக் கடலில் கிடைத்த, ஏறக்குறைய 90 சென்ரிமீற்றர் நீளமான இதுபோன்ற குஞ்சொன்றுக்கு, பீட்டர் காசில் என்பவர் லெப்டோசெபாலஸ் ஜைகான்ரியஸ் என்று பெயரிட்டார். இராட்சதக் குஞ்சு என்று பொருள். பெயர் வந்துவிட்டது, தாய் வரவில்லை.

1970 இல் அமெரிக்கரான டேவிட் ஸ்மித் தாயைக் காட்டினார். இந்த இராட்சதக் குஞ்சுகள் உண்மையான விலாங்குகளின் குஞ்சுகளே அல்ல. விலாங்குக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லத்தக்க வேறொரு ஆழ்கடல் மீன் வரிசையைச் சேர்ந்தவை. முதுகில் சிறு முட்கள் வரிசையாக இருப்பதால் அவற்றின் குடும்பப் பெயரே முதுகுமுள் என்று பொருள்படும். நீண்டு ஒடுங்கி விலாங்கைப் போலவே இருப்பதால் முள்விலாங்கு என்றும் அழைப்பர். விலாங்கு குஞ்சாக இருக்கும்போது சிறிதாக இருந்து உருமாறிய பிறகே வளர்கின்றது. முள்விலாங்கு அப்படியில்லை. நீளம் முழுவதையும் குஞ்சுப் பருவத்திலேயே வளர்ந்து முடித்துவிடுகின்றது. உருமாறும்போது பாகும் நீரும் வற்ற, உடல் சுருங்குகின்றது. அதன்பிறகு நீளத்தில் பெரிதாக வளர்ச்சி இல்லை. புரூனின் பெருக்கலில் பிழையில்லை. ஒரு குடும்பத்தின் கணக்கை இன்னொரு குடும்பத்துக்குப் போட்டதே பிசகு. முப்பது மீற்றர் தாயைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தாயோ குஞ்சைவிடப் பெரிதல்ல.

முள்விலாங்குகளுள் ஒன்றை 1788 இலேயே புளோக் என்ற ஜேர்மன் மருத்துவர் விவரித்துப் பெயரிட்டிருந்தார் என்பது இன்னொரு வேடிக்கை. இந்த புளோக் நமக்கும் அந்நியர் அல்லர். தரங்கம்பாடி டேனிஷ் மிஷனில் இருந்த ஜோன் பாதிரியார் நம்மவர் கடலிலிருந்து பிடிபட்ட மீன்களை அவருக்கு அனுப்பி வைத்தார். கத்தலை மீன்களின் ஓர் இனத்துக்கு புளோக் பாதிரியாரின் பெயரையே இட்டு, அவற்றுள் ஒன்றுக்கு, கரையில் மீனவர்கள் சொன்ன 'கருத்த' என்ற தமிழ்ச் சொல்லையே இலத்தீன் பெயராக்கினார். இன்றும் உலகெங்கும் அந்த மீன் அந்தத் தமிழ்ச் சொல்லோடுதான் அறியப்படுகின்றது. இதை எந்தப் பத்திரிகையும் எட்டுக் கலத் தலைப்பில் போட்டதாக நான் காணவில்லை.

ஸ்மித்தின் முடிவு மீனியல் சஞ்சிகையொன்றில் வெளியாயிற்று. ஒரு திருத்தத்துக்கு நாளிதழ்களில் என்ன இடம் கிடைக்கும் என்பது என் தொழில் அனுபவம். உட்பக்கத்தில், இராசிபலனுக்குக் கீழே, இரண்டு அங்குலம். அதுவும் விளம்பரம் வந்தால் போய்விடும். ஆகவே 'டானா'வின் குஞ்சு இன்றும் மர்மப் பிராணிகள் பற்றிய புத்தகங்களிலும் இணையப் பக்கங்களிலும் கடற்பாம்பின் பிள்ளையாகவே வலம் வருகின்றது. சில மாதங்களுக்கு முன் கனடாவிலிருந்து ஒரு நண்பர் எனக்கு அனுப்பிய காணொளியிலும் 30 மீற்றர் கணக்குத்தான் இருந்தது. 1970 இல்லை.

முள்விலாங்கு இதையெல்லாம் அறியாது. சூரிய வெளிச்சம் போகாத அடித்தளத்தில், தலையைக் கீழே சரித்து, சிறிய வாயால் கடற்சாமந்திகளைக் கடித்துத் தின்று திரிகின்றது. கிரீன்லாந்துப் பக்கத்து ஆழ்கடலில் வேறு மீனுக்கு இழுக்கும் மடிவலைகளில் சில வேளைகளில் ஏறிவிடும். சந்தையில் அதற்கு விலை இல்லை.